சிநேகிதிகள் வீட்டில் தங்கி, இங்கிலாந்தின் போர்க்கால இடங்களைப் பார்ப்பது எப்படி

இங்கிலாந்தில் பழைய சிநேகிதர்கள் இருக்கிறார்கள், இரண்டு உலகப் போர்களின் கதை சொல்லும் போர்க்கால இடங்களையும் பார்க்க ஆசை. அப்படியானால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். சிநேகிதர்கள் எந்தெந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் நேராக, அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய போர்க்கால இடம் ஒன்றை எழுதுங்கள். திட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஓர் இடம். அதற்கும் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதே மாவட்டத்துச் சித்தூர் கல்லூரியில் என்னோடு பிரீடிகிரி (பிளஸ் டூ மாதிரி) படித்தவர்களில் சிலர் நர்சிங் முடித்து, 2000க்குப் பிறகு இங்கிலாந்து போய்விட்டார்கள். ஒருத்தி லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஒருத்தி மில்டன் கீன்ஸ், ஒருத்தி கவென்ட்ரி, ஒருத்தி கிராலி. இந்த நாலு வீட்டையும் வைத்தே நானும் என் வீட்டுக்காரரும் சுற்றினோம். உங்கள் சிநேகிதர்கள் வேறு ஊர்களில் இருக்கலாம். முறை இதேதான்.

சிநேகிதி நர்ஸாக இருந்தால் அவளுடைய டியூட்டி பட்டியல்தான் உங்கள் காலண்டர். அந்தப் பட்டியல் பல வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், "உனக்கு எந்த நாள் ஓஃப் வருது?" என்று கேளுங்கள். லீவு போடச் சொல்லாதீர்கள். அந்த லீவைச் சேர்த்து வைத்துத்தான் அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். இரவு டியூட்டி முடிந்த மறுநாள் எங்கேயும் கூப்பிடக் கூடாது. அந்த நாளில் மட்டும் நீங்கள் தனியாக ஓர் இடம் போய்வாருங்கள், அல்லது வீட்டில் இருந்து மோர்க்குழம்பு வைத்துக் கொடுங்கள். வந்திருப்பது பெரும் விருந்தாளி என்ற பாரம் அவள் தலையில் ஏறக் கூடாது.

விசா விஷயத்தை நீட்டவில்லை. சாதாரண விசிட்டர் விசா ஆறு மாதம் வரை தங்க அனுமதிக்கும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கைரேகை கொடுக்கக் கொச்சியில் மையம் இருக்கிறது. தங்கப்போகும் வீடுகளின் முகவரியும், சிநேகிதிகள் எழுதிய அழைப்புக் கடிதமும், உங்கள் பென்ஷன், வங்கிக் கணக்குத் தாள்களும் ஒழுங்காக இருக்கட்டும். பெட்டியில் நெய் பலகாரம், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் எதுவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோக அங்கே தடை. எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி, மிளகாய்ப்பொடி இவையே போதும். கருப்பட்டியைப் பார்த்ததும் என் கிராலித் தோழியின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே!

மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. குளிர்காலத்தில் பல இடங்கள் சீக்கிரம் மூடிவிடுகின்றன, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

இனி இடங்கள். ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையம். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் வண்டி ஏறி, மைல் எண்டில் சென்ட்ரல் வண்டிக்கு மாறினால் அடுத்த நிறுத்தம். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது, வழிகாட்டிப் புத்தகங்கள் பலவற்றில் பெயரே கிடையாது. லண்டனில் ஒரே ஓர் இடம் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 1943 மார்ச் 3ஆம் தேதி இரவு. அப்போது அந்த நிலையம் கட்டி முடியாமல் பதுங்குமிடமாக இருந்தது. சைரன் ஊதியதும் மக்கள் படியிறங்கத் தொடங்கினார்கள். பக்கத்து விக்டோரியா பூங்காவில் விமான எதிர்ப்பு ராக்கெட்டுகளை ஏவினார்கள். யாரும் அதுவரை கேட்டிராத அந்தச் சத்தத்தைக் குண்டு என்று நினைத்துக் கூட்டம் நெருக்கியது. இருட்டு, மழை ஈரம், நடுவில் கைப்பிடி இல்லாத படிக்கட்டு. கீழே ஒரு பெண் தடுக்கி விழ, அவர்மேல் ஒருவர், அவர்மேல் ஒருவர் என்று விழுந்துகொண்டே போனார்கள். 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்று அங்கே ஒரு குண்டும் விழவில்லை.

நிலையத்துக்கு வெளியே அந்தப் படிக்கட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டது மாதிரி மரத்தில் ஒரு நினைவுச் சின்னம் கட்டி, 2017இல் முடித்திருக்கிறார்கள். மேல்பகுதியில் 173 துளைகள், அவற்றின் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. பெயர்களை நிதானமாகப் படியுங்கள். ஒரே வீட்டுப் பெயர் அடுத்தடுத்து வரும்போது விஷயம் புரியும். என் தோழி அந்த வழியாக எத்தனையோ வருஷம் வேலைக்குப் போனவள். "இத்தன வருஷமா இதக் கடந்து போறேன்டி, ஒரு நாள்கூட நின்னு படிச்சதில்ல" என்றாள். அப்புறம் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் வாய்விட்டுப் படித்தாள். சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வது இதற்காகத்தான். அந்த ஊரில் வேலையும் வீடுமாக ஓடுகிறவர்களுக்கு நின்று பார்க்க ஒரு சாக்கு வேண்டும். ஊரிலிருந்து வரும் நாம்தான் அந்தச் சாக்கு.

லண்டனில் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாம்பெத்தில் இருக்கும் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் இலவசம். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தொங்கும், ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட் நிற்கும். யூத இனப்படுகொலை பற்றிய பகுதியைப் பார்ப்பதென்றால் அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்த பிறகு வேறெதிலும் மனது நிற்காது. செயின்ட் ஜேம்ஸ் பூங்கா பக்கம், போர்க்காலப் பிரதமர் சர்ச்சிலின் நிலத்தடிப் போர் அறைகள் இருக்கின்றன. கட்டணம் உண்டு, நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். 1939 ஆகஸ்டில் திறந்த வரைபட அறையில் 1945 ஆகஸ்ட் வரை இரவும் பகலும் ஆள் இருந்தார்கள். சுவர் வரைபடத்தில் ஊசி குத்திக் குத்தி விழுந்த துளைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஹாரோ, வெம்ப்ளி, ஹேய்ஸ் பக்கம் சிநேகிதர் இருந்தால் இதைவிட எளிது அக்ஸ்பிரிட்ஜ் பாதாள அறை. 1940இல் ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் தென்கிழக்கு இங்கிலாந்தின் போர் விமானங்களை அங்கிருந்துதான் நடத்தினார்கள். அந்தப் போரின் உச்ச நாளான செப்டம்பர் 15ஆம் தேதி இருந்த நிலையிலேயே அந்த அறையை வைத்திருக்கிறார்கள். ஆழமாகப் படியிறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

லண்டனிலிருந்து மில்டன் கீன்ஸ், கவென்ட்ரி இரண்டுக்கும் யூஸ்டன் நிலையத்தில்தான் வண்டி. அதனால் யூஸ்டனுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், கோர்டன் சதுக்கப் பூங்காவுக்கு நடந்து வாருங்கள், பக்கம்தான். நூர் இனாயத் கானின் மார்பளவுச் சிலை அங்கே இருக்கிறது. திப்பு சுல்தான் வழிவந்தவர். ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் பிரிட்டனுக்காக ரகசிய வயர்லெஸ் இயக்குபவராகப் பணிசெய்து, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 1949இல் வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். திப்புவின் அப்பா ஹைதர் அலி கட்டிச் சீரமைத்த பாலக்காட்டுக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சிலைக்கு முன்னால் நிற்பது வெறும் சுற்றுலா இல்லை.

பிளெட்ச்லி பார்க், யூஸ்டனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்போல. நிலையத்திலிருந்து சில நிமிஷ நடை. மில்டன் கீன்ஸில் வீடு என்றால் அடுத்த ஊர்தான். ஜெர்மனியின் எனிக்மா இயந்திரம் சங்கேதமாக்கிய செய்திகளை உடைத்த இடம். கணித மேதை ஆலன் டூரிங் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அவர் வேலை பார்த்த எட்டாம் எண் மரக் குடிசையும் இருக்கிறது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அங்கே வேலை செய்த பெண்களை. உச்சத்தில் சுமார் 9,000 பேர், நாலில் மூன்று பங்கு பெண்கள். எட்டு மணி நேரம் வீதம் மூன்று ஷிப்ட். பக்கத்துக் குடிசையில் என்ன நடக்கிறது என்று தெரியாது, வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் கூடாது. போர் முடிந்து 1970களில் விஷயம் வெளியே வரும் வரை புருஷனுக்குக்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள் பலர். இரவு டியூட்டிப் படத்துக்கு முன்னால் என் தோழி நெடுநேரம் நின்றாள். முப்பது வருஷம் இரவு டியூட்டி பார்த்தவளுக்கு அந்தக் கண்களில் இருந்த தூக்கம் தெரிந்திருக்கும். டெல்லியில் பிளெட்ச்லியின் கிளை மாதிரி ஒரு வயர்லெஸ் மையம் இருந்து, ஜப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் போரின் ஒரு கை நம் நாட்டிலும் இருந்தது.

பிளெட்ச்லி டிக்கெட்டை ஒரு முறை வாங்கினால் ஒரு வருஷத்துக்குள் மறுபடி வரலாம். எனவே அங்கேயே இருக்கும் சிநேகிதிக்கு நீங்கள் வாங்கிக்கொடுக்கக்கூடிய நல்ல பரிசு அந்த டிக்கெட்தான். அதே வளாகத்தை ஒட்டி இருக்கும் கணினி அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். எல்லா நாளும் திறந்திருக்காது, நாள் பார்த்துப் போங்கள். சங்கேதம் உடைக்க 1944இல் ஓடத் தொடங்கிய கொலோசஸ் என்ற ஆரம்பகாலக் கணினியைத் திரும்பக் கட்டி ஓடவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

அதே பாதையில் இன்னும் வடக்கே கவென்ட்ரி. 1940 நவம்பர் 14ஆம் தேதி சாயங்காலம் தொடங்கிய ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சு விடியும் வரை நிற்கவில்லை. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பழைய கதீட்ரல் எரிந்து கூரை போனது. இடிக்காமல், கூரை போடாமல், அந்தச் சுவர்களை அப்படியே விட்டு, பக்கத்திலேயே புதுக் கதீட்ரல் கட்டி 1962இல் அர்ப்பணித்தார்கள். எரிந்த இரண்டு உத்தரங்களைச் சேர்த்துக் கட்டிய சிலுவையும், பின்னால் "பிதாவே மன்னியும்" என்ற இரண்டே சொல்லும் அங்கே உண்டு. யாரை மன்னிக்க என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் போனால் அந்த இடிபாட்டுக்குள் நின்று சமாதான ஜெபம் சொல்கிறார்கள். எந்த மதத்தவரும் நிற்கலாம். நாங்கள் நின்றோம்.

கிராலியிலிருந்து பிரைட்டன் போனதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நம் ஆட்களின் கதை நேரடியாக இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை 1914 டிசம்பரிலிருந்து பிரைட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ராஜாவின் உல்லாச மாளிகையாக இருந்த ராயல் பவிலியனை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். சரவிளக்குகளுக்குக் கீழே கட்டில்கள். சாதி, மத வழக்கப்படி ஒன்பது தனித்தனிச் சமையலறைகள், தண்ணீர்க் குழாய்கள்கூடத் தனித்தனி. உருது, இந்தி, பஞ்சாபியின் குர்முகி எழுத்து மூன்றிலும் அறிவிப்புப் பலகைகள். சுபேதார் மீர் தஸ்த் என்பவருக்கு 1915இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேரில் வந்து விக்டோரியா கிராஸ் என்ற உயரிய வீரப் பதக்கத்தைக் குத்தியது இங்கேதான். மாளிகைக்குள் இந்த ஆஸ்பத்திரியைப் பற்றித் தனி அறை இருக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் பலர் அரச விருந்து மண்டபத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்த அறையைக் கேட்டு விசாரித்துப் போங்கள். தெற்கு வாசலில் இந்தியா கேட் என்று ஒரு வாயில் நிற்கிறது. இந்தியாவின் நன்றியாக 1921இல் பாட்டியாலா மகாராஜா திறந்தது.

இறந்த முஸ்லிம் வீரர்களை வோக்கிங்கில் மசூதிப் பக்கம் அடக்கம் செய்தார்கள். இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே, பாட்சம் மேட்டுநிலத்தில் எரியூட்டி, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அந்த மேட்டில் 1921இல் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சத்ரி, அதாவது குடை மாதிரிக் கூரையுள்ள நினைவு மண்டபம், எழுப்பினார்கள். இளம் இந்தியக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைந்த வடிவம். வாசல் வரை கார் போகாது. பாட்சம் வரை பஸ்ஸில் போய், ஆடு மேயும் புல்வெளி வழியாக ஏறி நடக்க வேண்டும். செருப்புப் போதாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். மழை பெய்திருந்தால் சேறு. காற்று பலமாக அடிக்கும், வெயில் நாளிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். வழியில் வேலிக் கதவுகளைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், ஆடுகள் வெளியேறிவிடும். கழிவறையோ கடையோ மேலே கிடையாது. புளிச்சாதமும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், சாப்பிடுவதைச் சத்ரியைவிட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பூ வைக்கலாம், கற்பூரம் வேண்டாம், காய்ந்த புல்.

2010இல் அந்த 53 பேரின் பெயரையும் பக்கத்தில் ஒரு கல்லில் பொறித்திருக்கிறார்கள். பெரும்பாலும் வட இந்தியப் பெயர்கள். நம் ஊர்ப் பெயரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனாலும் போங்கள். ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து, மொழி தெரியாத தேசத்தில் கண்ணை மூடியவர்களுக்கு முன்னால், அதே தேசத்துக்குப் பிழைக்க வந்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் தோழி நின்றபோது, "இவங்களப் பாத்துக்கிட்டவங்களும் என்னைப் போலத்தானே இருந்திருப்பாங்க" என்றாள். ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் அங்கே நினைவுக் கூட்டம் நடக்கிறது. உங்கள் பயணம் ஜூனில் என்றால் தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கென்ட் மாவட்டத்தில் சிநேகிதர் இருந்தால் டோவர் கோட்டை. ஜெர்மன் படை சூழ்ந்த டன்கர்க் என்ற பிரெஞ்சுக் கடற்கரை ஊரிலிருந்து 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,226 பேரை மீட்ட நடவடிக்கையை அந்தப் பாறைக்குள் குடைந்த சுரங்கத்திலிருந்து அட்மிரல் ராம்சே நடத்தினார். கோவேறு கழுதைகளோடு பிரான்ஸ் போயிருந்த இந்தியப் படைப்பிரிவினரும் அந்தக் கரையில் இருந்தார்கள். ஏற்றம் செங்குத்து, முழு நாள் வேண்டும்.

திரும்புவதற்கு முன் லண்டனில் ஹைட் பார்க் கார்னர் நிலையத்தில் இறங்கி மெமோரியல் கேட்ஸைப் பாருங்கள். 2002இல் எலிசபெத் ராணி திறந்தது. இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் நாடுகளிலிருந்து இரண்டு உலகப் போர்களிலும் போன ஐம்பது லட்சம் பேருக்கானது. கல்லில் பர்மா, கோஹிமா என்ற பெயர்களும் இருக்கின்றன. என் தாத்தாவின் தம்பி பட்டாளத்துக்குப் போய்ப் பர்மா எல்லையிலிருந்து திரும்பியவர். ஜப்பான் பர்மாவைப் பிடித்து பர்மா அரிசி நின்றுபோன 1942க்குப் பிறகு மலபாரிலும் கொச்சி சீமையிலும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாள் கடத்திய கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அங்கே நான் நின்றது அவர்களுக்காகவும்தான்.

செலவைப் பற்றி. மூத்தவர்களுக்கும், சேர்ந்தே பயணம் செய்யும் இருவருக்கும் ரயில்கார்டு இருக்கிறது. டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 60 ஆனவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி நிலையத்திலேயே மூத்தோர் கார்டு வாங்கலாம். காலை நெரிசல் நேரம் கழித்துப் புறப்பட்டால் கட்டணம் இன்னும் குறைவு. லண்டன் டியூபில் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஏறும்போது தட்டிய அதே அட்டையைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். சிநேகிதி கார் எடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளும் உங்களோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டு வரட்டும். நுழைவுக் கட்டணத்தை அவளுக்கும் சேர்த்து நீங்களே முன்பதிவில் கட்டிவிடுங்கள். வாசலில் போய் நின்று "நான் கொடுக்கிறேன், நீ கொடுக்காதே" என்று இழுபறி வேண்டாம்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்த வீரர்களின் பெயர்களை இலவசமாகத் தேடலாம். இந்திய வீரர்கள் பலருக்கு அப்பா பெயரும் ஊரும் சேர்த்தே எழுதியிருக்கும். கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் மலபார், பால்காட், கொச்சின், கோயம்புத்தூர், வட ஆற்காடு, சித்தூர் என்று அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பல எழுத்து வடிவம் முயன்று பார்க்க வேண்டும். நம் பக்கத்து ஆட்களின் பெயர்கள் பெரும்பாலும் பர்மா, சிங்கப்பூர், ஆப்பிரிக்கக் கல்லறைகளில் வரும். இங்கிலாந்தில் இருந்தால் எந்த இடம், எந்தப் பலகை என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் எந்தச் சிநேகிதி இருக்கிறாளோ, அவளுக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.